படப்பை நனைத்த தீக்காவலன்

1. முதல் நாள்

தீக்காவல் குழுவுக்குத் தலைவரான முதல் நாளே நெருப்பைப் பார்த்து ஓடியவன் நான். குழு என்றால் பரளச்சிப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் நாங்கள் சிலர்தான். எங்கள் மேய்ச்சல் காட்டுக்கு நாங்களே தீ வைப்பதுதான் வேலை.

சிரிக்க வேண்டாம். கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு விழுந்தால், உடைமரமும் வேம்பும் சேர்ந்து எரிந்து கரும்புகையாக வானத்துக்குப் போய்விடும். அதனால் அனுமதி வாங்கி, தை மாதப் பனி ஈரத்திலேயே துண்டு துண்டாக எரித்துவிடுவோம். மேல்புல் மட்டும் கருகும், புகை குறைவு, மரம் பிழைக்கும். எரிக்கும் துண்டைச் சுற்றி முதலில் ஆடுகளை நெருக்கி மேய விட்டுத் தரையை மொட்டையாக்குவோம். அதுதான் எங்கள் தடுப்புக்கோடு. புகையில் எவ்வளவு கார்பன் போகிறது என்று கணக்கெடுக்க வந்தவர்களும் இந்த முறையைத்தான் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று கோட்டுக்கு அந்தப்புறம் முத்துலட்சுமி மதினி சோளத்தட்டையைப் போராக அடுக்கிய படப்பு இருந்தது. அவருடைய மாடுகளுக்குக் கோடை முழுக்க அதுதான் தீனி. தீ வைத்ததும் காற்று லேசாகத் திரும்பியது. புகை முகத்தில் அடித்தது. தலைவராகிய நான்தான் கத்தினேன்.

"ஏலே, படப்பு போச்சுலே!"

ஓடிப்போய், முதுகிலிருந்த மருந்தடிக்கும் டேங்குத் தண்ணீர் முழுவதையும் படப்பின் மேல் அடித்தேன். திரும்பிப் பார்த்தால், தீ மொட்டைத் தரைக்கு வந்து தானாக அணைந்திருந்தது. பக்கத்தில் என் பங்காளி பாண்டி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

மதினி தட்டையை உருவிப் பார்த்தார்.

"தீக்குத் தப்பிச்சது உங்களுக்குத் தப்பலையே கொழுந்தனாரே! பூசணம் பிடிச்சா மாடு மோந்துகூடப் பாக்காது. பிரிச்சுக் காயப்போடுங்க."

"நானா மதினி?"

"பின்ன, தீயா வந்து காயப்போடும்?"

"அது வந்தா சீக்கிரம் காஞ்சிரும் மதினி" என்றான் பாண்டி.

நான்தான் காயப்போட்டேன்.

2. சித்திரை

அந்தச் சித்திரையில் ரோட்டுப் பக்கமிருந்து நிஜத் தீ வந்தது. ஆள் உயரம். தீயை அடித்து அணைக்கக் கையில் வேப்பங்கொப்போடு நின்றேன். கால் வழக்கம்போல ஓடத் தயாராக இருந்தது. தீ, தையில் நாங்கள் எரித்துவைத்த கருகல் நிலம் வரை வந்தது. தின்ன ஒன்றுமில்லை. அப்படியே சுருண்டு படுத்துவிட்டது. மரங்கள் நின்றன. படப்பும் நின்றது. அன்றைக்கு ஊரில் நான் நடந்த நடையை மந்திரிகூட நடந்திருக்கமாட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயப்படுங்கள், ஆனால் தை மாதத்திலேயே பயந்து முடித்துவிடுங்கள். சித்திரையில் அதற்கு நேரம் கிடைக்காது.

அடுத்த தையில் தீ வைக்கப் போனபோது மதினி முதல் ஆளாக வந்து நின்றார். என் முதுகிலிருந்த டேங்கைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தண்ணி எங்கிட்ட இருக்கட்டும். நீங்க தீயை வைங்க கொழுந்தனாரே, அதுல எனக்குப் பயமில்ல."