தரைக் கண்ணாடி

சைபுதீன் பாய் எந்தப் போட்டோவையும் முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பார். செஞ்சி கடைத்தெருவில் அவருடைய வாட்ச் ரிப்பேர் கடைக்கு எதிரில் எங்கள் வீடு. பேப்பரில் மந்திரி படம் வந்தாலும், யார் வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்தாலும் திருப்பிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்குவார். பிறகுதான் நேராக்குவார். பத்து வயதில் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். "நேரா பாத்தா ஆளுதான் தெரியும். தலகீழா பாத்தாத்தான் நெழலும் வெளிச்சமும் தெரியும்" என்றார்.

வாட்ச் அவருக்குப் பிழைப்பு, படம் ஆசை. கல்யாணப் பத்திரிகைக்கு ஓரத்தில் பூக்கொடி வரைந்து தருவார். பழைய போட்டோவில் கறையோ கீறலோ இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் மறைத்துத் தருவார். காசு வாங்கமாட்டார். டீ சொன்னால் குடிப்பார்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், பூக்காரி ஆதிலட்சுமியின் மகள் மங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். ஐந்து வயது. உயிரோடு இருந்தவரை அவளை யாரும் படம் எடுத்ததில்லை. தூக்குவதற்கு முன் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார்கள். அப்படி எடுத்த படங்களில் மூடிய கண்களைத் திறந்திருப்பதுபோல் வரைந்து தருவது உண்டு. கண் திறப்பு என்பார்கள். ஆதிலட்சுமி அந்தப் படத்தைப் பாயிடம் கொண்டுவந்தாள்.

அவர் மையைத் தொட்டு வரைந்து கொடுத்தார். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது பொம்மக் கண்ணு பாய். எம் பொண்ணு இப்பிடி பாக்கமாட்டா" என்றாள்.

அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய் நெகட்டிவை வாங்கி வந்தார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெள்ளையாகும், பிளேடால் சுரண்டிய இடம் கறுப்பாகும். அங்கே திறந்த கண் வரைந்த கண்ணாகத் தெரியாது. ஆனால் இருப்பது ஒரே நெகட்டிவ். இருந்த ஒரு படத்திலும் பொம்மைக் கண் ஏறிவிட்டது. கை தவறினால் அந்தக் குழந்தையின் முகமே இல்லை.

அதற்கென்று ஒரு சாய்வு மேஜை உண்டு. நடுவில் கண்ணாடிப் பலகை, அதற்குக் கீழே வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. மெட்ராஸில் போட்டோ சாமான் விற்கும் ஒரு கடையிலிருந்து இங்கிலீஷில் விலைப்பட்டியல் வந்தது. பாய் அதை என்னிடம் கொண்டுவந்தார். தெருவில் நான்தான் முதல் பட்டதாரி. வேலை இல்லாததால் எப்போதும் கிடைப்பேன்.

"இன்னா பி.ஏ., இதுல நமக்கு எது கட்டும்?"

தேக்கில் செய்தது முந்நூற்றெண்பது. விளக்கு வைத்த தகர மேஜை இருநூற்றறுபது.

"இந்த வெலைக்கு மலையனூர் பஸ்ஸயே வாங்கிடலாம் போலிருக்குதே! மரத்த நம்ம எளையபெருமாள் ஆசாரிகிட்ட அடிச்சிக்கலாம். உள்ள இன்னா கண்ணாடி போட்டுருக்கான், அத மட்டும் பாத்துச் சொல்லு."

'கிரவுண்ட் கிளாஸ்' என்று போட்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"கிரவுண்டுன்னா தரை, பாய். தரையில பதிக்கிற மாதிரி தடிமனான கண்ணாடி."

"படிச்சவன் படிச்சவன்தான்" என்றார்.

ஸ்டூடியோவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நெகட்டிவைக் கொடுத்தபோதே, "முள்ளு திருப்பற கையி, இதுல போயி ஏன் வெக்கிற பாய்?" என்று அங்கே சிரித்திருந்தார்கள். அவர் மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

ஒரு ஜவுளிக்கடையின் பழைய ஷோகேஸிலிருந்து கால் அங்குலக் கண்ணாடி கிடைத்தது. அதைத் தட்டிப் பார்த்து, "எரும ஏறி நின்னாலும் தாங்கும், பி.ஏ." என்றார். மேஜையில் பொருத்தி, நெகட்டிவை வைத்துக் குனிந்தார்.

"கூசுது. நெகட்டிவுக்குப் பின்னால எம் மூக்குதான் தெரியுது."

கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார், வாட்ச் பார்க்கும் லென்ஸை மாட்டினார். பத்து நாளில் இடது கண் திறந்தது. பூக்கூடையோடு வந்து நின்ற ஆதிலட்சுமியிடம், "ஒரு கண்ணு பாத்துடுச்சும்மா. இன்னும் ஒண்ணுதான்" என்றார். அவள் அங்கேயே அழுதாள்.

அந்த வாரம் ஒரு இன்டர்வியூவுக்காக மெட்ராஸ் போனேன். வேலை கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் அந்தப் பட்டியல் கடைக்குப் போய், எங்கள் மேஜையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். கடைக்காரர் ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தார். பால் சிந்தியதுபோல் மங்கலாக இருந்தது. "ஒரு பக்கம் தேய்ச்ச கண்ணாடி தம்பி. வெளிச்சத்த சமமா பரப்பும். சாதாக் கண்ணாடி போட்டா கூசும், கை தப்பிடும்" என்றார்.

கிரைண்ட் என்றால் தேய்ப்பது. கிரைண்ட், கிரவுண்ட், கிரவுண்ட். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து கைதட்டல் வாங்கியவன் நான்.

கையிலிருந்த காசுக்கு அதை வாங்கி, மாற்றுச் சட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்குப் போனபோது பாய் நெகட்டிவை வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கண் இருந்த இடத்தில் பிளேடு அடிவரை இறங்கியிருந்தது. கடுகளவு ஓட்டை.

"கண்ணு போயிடுச்சு பி.ஏ. கையும் போயிடுச்சு. இனிமே வாட்ச்ச தொட்டாலும் பாவம்."

அது உங்கள் கண் இல்லை, என் இங்கிலீஷ் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தேய்த்த கண்ணாடியோடு பை தோளில்தான் இருந்தது. அவர் திட்டுவார் என்றா பயந்தேன்? அவர் யாரையும் திட்டியதில்லை. என்னைப் பி.ஏ. என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். வேறு என்ன இருந்தது என்னிடம்?

மாதக் கடைசியில் அவர் கடையைக் காலி செய்துவிட்டு அவலூர்பேட்டையில் இருந்த மகள் ஹபீபா வீட்டுக்குப் போனார். அங்கே எதையும் ரிப்பேர் செய்யவில்லை. அடுத்த வருஷம் பங்குனியில் இறந்துபோனார். கடைசிவரை தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நம்பினார்.

மையித்து அடக்கத்துக்குப் போயிருந்தபோது ஹபீபா ஒரு கவரைக் கொண்டுவந்து தந்தாள். "அத்தா உங்கிட்ட குடுக்கச் சொன்னாரு. ஏன்னு தெரியல."

உள்ளே நெகட்டிவ். கவர்மேல் கோணலான தமிழில் எழுதியிருந்தார்: 'பூக்கார அம்மாவுக்கு ஒரு கண்ணு பாக்கி.'