சாக்கு மூடிய கூண்டு

புறா வளர்ப்பது என்று முடிவானதும் ஏஞ்சலின் முதலில் தேடியது தீனி அல்ல, பழைய சாக்கு. தானே புயல் அடித்த மறு வருஷம் அது. கணவன் ஜாஸ்பர் வடலூரிலிருந்து இன்னும் பறக்கப் பழகாத இரண்டு புறாக்களை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான். குவார்ட்டர்ஸின் பின்பக்கம், குளியலறைச் சுவரை ஒட்டிக் கம்பிவலைக் கூண்டு வைத்துக்கொடுத்தான். அன்றைக்கே அவள் நான்கு பக்கமும் சாக்கைச் சுற்றித் தைத்துவிட்டாள். வெளிச்சம் வர மேலே மட்டும் கொஞ்சம் இடம் விட்டாள்.

"புறாவுக்கு எதுக்கு முக்காடு?" என்றான் ஜாஸ்பர்.

"பாக்குறவங்க கண்ணு எல்லாம் ஒரே மாதிரியாங்க இருக்கும்?"

அவள் சுபாவமே அதுதான். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள். நாலு பேர் பேசுகிற இடத்தில் பின்னால் நின்று, யார் எதை எதற்காகச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகிக் கம்பெனி டவுன்ஷிப்புக்கு வந்த பிறகு அது இன்னும் கூடியது. ஒரு தெருவுக்குள்ளேயே நாலைந்து மாவட்டத்து ஆட்கள். யார் எப்படிப்பட்டவர் என்று எதை வைத்துச் சொல்வது? கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தால்கூட ஜன்னல் இடுக்கில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

மற்றபடி புறாக்களுக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. கம்பு, சோளம், பச்சைப்பயறு மூன்றையும் வெயிலில் காயவைத்துக் கலந்து போட்டாள். ஈரம் பட்ட தானியத்தைக் கொடுப்பதே இல்லை. இரை செரிக்கச் செங்கல்லைப் பொடித்து, முட்டை ஓடும் உப்பும் சேர்த்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தாள். எச்சம் விழுந்த தண்ணீரில்தான் பாதி நோய் என்று புறா விற்றவர் சொல்லியிருந்ததால், காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாள். மண்சட்டி ஒன்றை மூலையில் வைத்து, பழைய விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்துப் பக்கத்தில் போட்டாள். ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுபோய்க் கொடுக்க, பெண் உட்கார்ந்தபடியே கூடு கட்டிக்கொண்டது. இரண்டு முட்டை. பகலில் ஆண் அடைகாக்கும், மற்ற நேரமெல்லாம் பெண். ஏஞ்சலின் முட்டையைத் தொடவே இல்லை. கண் திறக்காத, மஞ்சள் ரோமம் போர்த்திய இரண்டு குஞ்சுகள் வந்தன.

பிள்ளைகள் இருக்கிற வீட்டை விட்டு அது எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்து, ஒரு மதியம் ஆண் புறாவை மட்டும் வெளியே விட்டாள். கூரைகளுக்கு மேல் ஒரு சுற்று வந்தது. பிறகு கண்ணில் படவில்லை. பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த ஜாஸ்பர், "பருந்து கிருந்து தூக்கிட்டிருக்கும்" என்றான்.

"பருந்து இல்ல. ஆளு."

"எந்த ஆளு?"

அவள் மோவாயால் பின்பக்கத்தைக் காட்டினாள். பின் சந்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டுக்கு முதுகு காட்டி நிற்கும் குவார்ட்டர்ஸ். கண்ணகி அங்கே குடிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

"நீயே தொறந்து வுட்டுட்டு, ஊரான் மேல பழி போடு" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

மறுநாள் காலையில் கடையில் கண்ணகி அரைக் கிலோ கம்பு கேட்டது ஏஞ்சலின் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"கூழு காச்சுவாங்க."

"அரைக் கிலோல யாருங்க கூழு காச்சுவா?"

தீனி இறைத்து அடுத்தவர் புறாவை இறக்கி, சிறகை வெட்டித் தன் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்கிற ஆட்கள் உண்டு என்று விற்றவர் எச்சரித்திருந்தார். மதியம் முருங்கை மரத்தின் மறைவில் நின்று பார்த்தாள். கண்ணகி வீட்டுக் குளியலறையின் ஷீட் கூரையில் புதிதாக வெள்ளை எச்சம். கீழே ஒரு கூடையைக் கவிழ்த்து, மேலே செங்கல் வைத்திருந்தது. கண்ணகி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூடையின் ஓரத்தைத் தூக்கி எதையோ உள்ளே தள்ளினாள். போதாதா?

சாயங்காலம் ஜாஸ்பர் வேலைக்குப் போயிருந்த நேரம் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். கண்ணகி. கையில் துணி மூடிய ஒயர்கூடை.

"அக்கா, வூட்ல இருக்கீங்களா?"

இன்னும் எத்தனை புறா இருக்கிறது என்று நோட்டம் பார்க்க வந்திருக்கிறாள். ஏஞ்சலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். மறுபடியும் தட்டல். பிறகு, "ஃபேன் ஓடுது, ஆளக் காணோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணகி படி இறங்கினாள்.

விடிந்து பார்த்தபோது ஒரு குஞ்சு விறைத்துக் கிடந்தது. முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தானியம் ஆகாது. தாயும் தகப்பனும் தொண்டையிலிருந்து கக்கி ஊட்டுகிற பால்தான். தாய் ஒற்றையாக இரை தின்னவும் இறங்க வேண்டும், அணைக்கவும் வேண்டும், ஊட்டவும் வேண்டும். மற்ற குஞ்சின் இரைப்பை ஒட்டிப்போயிருந்தது. தலை நிற்காமல் ஆடியது.

என்ன பேசுவது என்று யோசிக்காமலே ஏஞ்சலின் சந்துக்கு அந்தப் பக்கம் போனாள். கண்ணகி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கா?"

"எங்க புறா."

"உங்க வூட்லதான புறா சத்தம் கேக்கும், அதத்தான் தூக்கிக்கினு வந்தேன். கதவத் தட்டித் தட்டி கை நோவுது. சரி, நம்மகிட்ட பேசப் புடிக்கலபோலன்னு வந்துட்டேன்."

கூடையைத் தூக்கினாள். ஏஞ்சலின் புறாவை வாங்கி, இரண்டு சிறகையும் விரித்துப் பார்த்தாள். ஓர் இறகுகூட வெட்டுப்படவில்லை.

"வெட்டலக்கா. வெட்டுறவ எதுக்கு உங்க வூட்டுக்கு வரப்போறேன்?"

"கம்பு வாங்குனியே."

"வூடு தேடி வந்தத பட்டினியா போட சொல்றீங்களா? நேரா வந்து பாத்ரூம் செவுத்தாண்ட உக்காந்துக்கினு, எதையோ தேடிக்கினே இருந்துது. பூனை வேற சுத்துச்சு. அதான் கவுத்தேன். நீங்களும் மரத்தாண்ட நின்னுக்கினு எங்க வூட்டையே பாக்குறீங்க. என்ன ஆளோன்னு எனக்கே பயமாப்போச்சு."

ஏஞ்சலின் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து பார்ப்பது அதுதான் முதல்முறை. அதே ஷீட், அதே சுவர், அதே குழாய், அதே மஞ்சள் சுண்ணாம்பு. அடையாளத்துக்கு நின்ற மரங்களையும் புயல் சாய்த்திருந்தது. சாக்குக்குள்ளேயே வளர்ந்த பறவைக்குத் தன் வீடு வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்றே தெரியாது.

இப்போது அவளிடம் ஜோடி வாங்க வருகிறவர்களுக்கு அவள் சொல்வது சுருக்கம்தான். பூனை நுழையாத கம்பிவலை போடுங்க, ஆனா மூடாதீங்க. ரெண்டு வாரம் அது உள்ளேயிருந்தே வானத்தையும் கூரையையும் பாக்கட்டும். கூண்டுக்கு மேல கலர் துணி ஒண்ணு கட்டுங்க. முதல்ல வெளிய வுடும்போது பசியோட, சாயங்காலத் தீனிக்கு முன்ன வுடுங்க. சின்னக் குஞ்சு இருக்கிறப்ப வுடவே வுடாதீங்க. ஏன் என்று கேட்டால் புறாக்களுக்குத் தண்ணீர் மாற்றப் போய்விடுவாள்.

அன்று புறாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவளின் பின்னாலேயே கண்ணகியும் வந்தாள். உள்ளே விட்டதும் ஆண் ஒருமுறை குமுறியபடி சுற்றியது. பெண்ணைத் தள்ளிவிட்டுச் சட்டியில் ஏறி அமர்ந்தது. குஞ்சு அலகைத் தூக்கித் தடவியது. ஆண் அதைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொண்டது. தொண்டை ஏறி இறங்கியது.

"ஒண்ணுதான் பொரிச்சுதாக்கா?"

"ரெண்டு."

"இன்னொண்ணு?"

"காலைல பாத்தப்ப செத்துக் கெடந்துச்சு."

கண்ணகி எதையோ சொல்ல வாயெடுத்தாள். நேற்றுச் சாயங்காலமே கதவைத் திறந்திருந்தால் என்று சொல்லப்போகிறாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குக் குழாயடியில் நாலு பேரிடமாவது சொல்வாள். ஏஞ்சலின் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணகி குனிந்து, குஞ்சின் இரைப்பை மெல்லப் புடைப்பதைப் பார்த்தாள்.

"இதுவாச்சும் பொழச்சுக்கும்க்கா" என்றாள்.