மிதுனத்தில் தேடிய சனி

2003 பிப்ரவரி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே மாமல்லபுரம் கடற்கரையில் எனக்குத் தனி ஷோ. டெலஸ்கோப்பை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிரகங்களைக் காட்டுவதுதான் கோளரங்கத்தில் எங்கள் பிரிவின் வேலை. நான் தற்காலிக ஆபரேட்டர். கிளம்பும்போதே அதிகாரி அம்மா சொல்லிவிட்டார்:

"சனி வளையத்தைக் காட்டுறோம்னு நோட்டீஸ் ஒட்டியாச்சு. சொதப்பிட்டு, வேலை ஆர்டரை நீட்டிச்சுக் குடுங்கன்னு என்கிட்ட வந்து நிக்காதீங்க."

வீட்டில் கைக்குழந்தை.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய மேல்நாட்டு ஜோசியர்களின் கிரக அட்டவணை ஒன்று கைவசம் இருந்தது. சனி மிதுனத்தில் இருபத்திரண்டு டிகிரி என்று அதில் போட்டிருந்தது. ஏழு மணிக்கு மிதுன நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்தேன். மஞ்சளாக ஒன்று பளிச்சென்று தெரிந்தது. குழாயைத் திருப்பி, ஃபோகஸ் செய்து, "வாங்க, பாருங்க" என்றேன், பெரிய விஞ்ஞானி தோரணையில்.

வரிசையில் முதல் ஆள், செய்யூரிலிருந்து வந்த செல்வி அக்கா.

"இன்னாப்பா, வளையம்னியே? வெறும் புள்ளிதான் கீது!"

லென்ஸை மாற்றினேன். அப்போதும் புள்ளிதான். பின்னால் நாற்பது பேர். எட்டு மணி பஸ் போய்விடும் என்று ஒருவர் சத்தம் போட்டார். அதிகாரி அம்மா தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் தனபால் அண்ணன், படாளத்துக்காரர், பக்கத்தில் வந்தார். "கோவிச்சுக்காத சார். சனி ரிஷபத்துல கீதுன்னு பஞ்சாங்கத்துல போட்டுகீது."

"அண்ணே, இது சயின்ஸ். உங்க பஞ்சாங்கத்தை மூடி வைங்க" என்று எரிந்து விழுந்தேன். "சரி சார்" என்று வேனுக்குப் போய்விட்டார்.

வேறு வழி தெரியாமல்தான் குழாயைத் தலைக்கு மேலே ரிஷபத்துக்குத் திருப்பினேன். காளையின் கொம்பு நுனியருகே சனி உட்கார்ந்திருந்தது, வளையத்தோடு! அப்பாடா என்று உயிர் வந்தது.

தப்பு என்னுடையது. மேல்நாட்டு ஜோசிய அட்டவணை ராசியை எண்ணத் தொடங்கும் இடம் வேறு; நட்சத்திரங்களை ஒட்டி எண்ணும் நம் பஞ்சாங்கம் தொடங்கும் இடம் வேறு. கிட்டத்தட்ட இருபத்து நான்கு டிகிரி வித்தியாசம். அதன் 'மிதுனம்' வானத்து மிதுனம் அல்ல; அங்கே நான் காட்டியது ஏதோ ஒரு நட்சத்திரம். இதைப் பார்க்காமல் நான் சயின்ஸ் பேசியிருக்கிறேன்.

"அய்ய, எவ்ளோ அழகா கீறான்! இவனையா எல்லாரும் திட்டறாங்க?" என்றார் செல்வி அக்கா. அதிகாரி அம்மா வரிசையில் இரண்டு முறை வந்து பார்த்தார். "நாளைக்கு ஆபீஸ் வந்ததும் ஆர்டர் ஃபைலைக் கொண்டு வாங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் வேனுக்குப் போனேன்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. மன்னிச்சுடுங்க. சனியைப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்ண்ணே?"

"அஞ்சு வருசமா இத்த ஏத்தி எறக்கினுதான் கீறேன். வந்து பாருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல சார்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிய டெலஸ்கோப்பை அவிழ்த்து மறுபடி நிறுத்தினேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் ஏறினார். இறங்கவே மனமில்லை அவருக்கு.

"தெனம் பஞ்சாங்கத்துல படிக்கிறேன் சார்" என்றார் கண்ணை எடுக்காமலே. "நெசமாவே கீறாரு."

புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு நான் சொல்வது இரண்டு. அட்டவணை எங்கிருந்து எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு, வரிசையைக் கூப்பிடும் முன் வேனை ஓட்டி வந்தவரைக் கூப்பிடுங்கள்.