கள்ளிப்பழ நாக்கு

நைனாவை அழைத்துப்போயிருந்த தாவரவியல் பூங்காவில், ஐப்பசி மழைக்குப் பூத்த சிறு பூக்களுக்கு நடுவே, பெயர்ப்பலகையோடு நின்றது சப்பாத்திக்கள்ளி, மடல் விளிம்பெல்லாம் சிவந்த பழம்.

செஞ்சிக் கோட்டை மலையடியில், இப்போது கார்கள் நிற்கும் இடம் முழுக்க அன்று இந்தக் கள்ளிதான். பள்ளி விட்டதும் அக்காவும் நானும் பழத்தைப் பாறையில் தேய்த்துச் சுணை போக்கி, உள்ளிருக்கும் நட்சத்திர முள்ளைக் கிள்ளியெறிந்துவிட்டுத் தின்போம். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டுத் திரும்பும் நைனா, "இன்னா தின்னீங்க? நாக்க நீட்டு" என்பார், சிவந்திருந்தால் முதுகில் அடி விழும், தொண்டையில் முள் சிக்கிச் செத்த பிள்ளையின் கதையும் வரும்.

தண்ணீர் வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது நைனா கள்ளிக்குப் பக்கத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் ஓரத்தில் ஈரமாகச் சிவப்புத் தீற்றல்.

"நைனா, நாக்க நீட்டு" என்றேன்.

வாயை இறுக மூடிக்கொண்டு பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.