பட்டியலில் இல்லாத அம்மை

மும்பையில் எங்கள் செம்பூர் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக ஒரே சந்தேகம். பள்ளியில் ரூபெல்லா ஊசி போடப்போகிறார்களாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். மூன்றாம் மாடி ரமேஷ் படிவத்தோடு வந்துவிட்டான். "அங்கிள், கர்ப்பிணிகளுக்குத்தானே ஆபத்து? என் பையனுக்கு எதுக்கு ஊசி? இதுல ஏதோ லோச்சா, தில்லுமுல்லு இருக்கு."

படிவம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். பிறரைச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். காகிதத்தை முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. அறுபதுகளில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் காகிதம் மணக்கும்: கார்பன் தாளும் முத்திரை மையும், யாராவது கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிவந்த காப்பிப்பொடியும் கலந்த மணம். அந்த மணத்துக்கு நடுவில்தான் விடுப்புப் பிரிவு மேஜை, அதாவது நான்.

மைதீன் எங்கள் அலுவலகக் குமாஸ்தா. தாராவிவாசி; சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒருநாள் விண்ணப்பத்தோடு வந்து நின்றார்.

"சார், வீட்ல சின்னவளுக்கு மேலெல்லாம் செவப்பா தடிச்சிருக்கு. காதுக்குப் பின்னால நெறி கட்டிருக்கு. ஒட்டுவாரொட்டி, மூணு வாரம் ஆபீஸ் போகாதீருன்னு டாக்டர் சொல்லுதாரு."

வீட்டில் தொற்றுநோய் இருந்தால் ஊழியருக்குத் தனி விடுப்பு உண்டு. எந்தெந்த நோய்க்கு என்று பட்டியலும் உண்டு.

"பெரியம்மையா?"

"இல்ல சார்."

"காலரா?"

"இல்ல."

"பிளேக்?"

"அல்லா காப்பாத்தணும். என்ன சார் இப்படிக் கேக்கிய?"

அவர் தம்பியின் தோல் பட்டறையில் அப்போது வேலை மும்முரம் என்று கேள்வி. மூன்று வாரம் அங்கே உட்காரத் திட்டம் என்று எனக்குப் பட்டது. டாக்டர் சீட்டில் ஜெர்மன் தட்டம்மை என்று இருந்தது; இன்றைய ரூபெல்லாவுக்கு அன்றைய பெயர். பட்டியலில் அது இல்லை. நிராகரித்தேன். அன்று மத்தியானம் சாப்பாடு ருசித்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நடைமுறை ஒன்று: தட்டச்சான கடிதத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் நகலோடு ஒப்பிட வேண்டும். படிப்பவர் மைதீன். எதிரே, ஒரு முழத் தூரத்தில், மாதுங்காவிலிருந்து வரும் டைப்பிஸ்ட் பத்மா. இரண்டு வாரம் கழித்து மைதீனுக்குத் தொண்டை கரகரத்தது. இருமி இருமிப் படித்தார். அப்புறம் முகத்தில் தடிப்பு வந்தது, மூன்றே நாளில் போனது. அதையும் நம்பாமல் அருகில் போய்ப் பார்த்தேன்.

பத்மாவுக்கு அது வந்தபோது அவரே சிரித்தார். "வேர்க்குருதான் சார். லீவு கேக்கலை, பயப்படாதேள்."

அவருக்கு அப்போது இரண்டு மாதம். மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பம் வராதவரை என் பதிவேட்டில் அவர் கர்ப்பிணி அல்ல.

இருமலில், தும்மலில், வாய்ப்பேச்சில் தெறிக்கும் துளியில் பரவும் நோய் அது; தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே பரவத் தொடங்கிவிடும். கொண்டுவருபவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையைத்தான் பிடிக்கும். நம்மிடம் அப்போது ஊசி கிடையாது; ஒதுங்கி இருப்பது ஒன்றே வழி. இதையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பத்மாவுக்கு ரயிலில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்கலாம். அப்படி நினைத்தால் மனம் லேசாகிறது. அதனாலேயே அந்த நினைப்பை நான் நம்புவதில்லை.

குழந்தை பிறந்து சில மாதம் கழித்து, ராஜினாமாவில் கையெழுத்திடப் பத்மா வந்தார். மடியில் குழந்தை விழித்திருந்தது. கருவிழியில் பால் படிந்தாற்போல் வெண்மை. நான் வழக்கம்போல் ஓங்கி முத்திரை குத்தினேன். பக்கத்து மேஜைக்காரர் துள்ளினார். குழந்தை அசையவில்லை.

பத்மா என்னைப் பார்த்தார். "எல்லாரும் கல்யாண்ல அக்கா ஆத்துக்குப் போறோம் சார். பணம் அந்த விலாசத்துக்கு அனுப்பிடுங்கோ." மைதீன் மேஜையில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

ரமேஷிடம் சொன்னேன்: "உன் பையன்தாம்ப்பா பள்ளிக்கூடத்துலேருந்து கொண்டு வருவான். எதிர்ல யார் உக்காந்திருக்கான்னு அவனுக்குத் தெரியாது. போடு கையெழுத்தை." போட்டான், இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு.

அந்த அலுவலகக் கட்டடம் இப்போது இல்லை. உரக்கப் படித்து ஒப்பிடும் வழக்கம் போய்விட்டது. மைதீனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், காலாவதியான கோப்புகளை அழிக்கும் பட்டியல் மேஜைக்கு வந்தது. பத்மாவின் கோப்பும் அதில் இருந்தது. விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் கொடுத்த கல்யாண் விலாசம் அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தது.