உப்பில்லாக் கஞ்சியும் சுட்ட கருவாடும்

பெரியபட்டினத்தில் எங்கள் வீடு நீளமானது. கணவரும் மகன்களும் கொழும்பில் கடை வைத்திருக்கிறார்கள். விசாக் கெடுபிடி வந்த பிறகு அவர்கள் ஊர் வருவது அபூர்வம். வீட்டில் நான் ஒருத்திதான்.

எனக்கு இரத்தக் கொதிப்பு என்று இராமநாதபுரம் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கஞ்சியில் ஒரு கல் உப்புக்கூடப் போடுவதில்லை. தனி ஆளுக்கு மீன் வாங்கி ஆக்குவானேன் என்று, வேளைக்கு வேளை கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த பிறகு எழ முடியவில்லை. மூச்சு முட்டியது. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. தவழ்ந்து போய்ச் செம்பால் சுவரைத் தட்டினேன். பக்கத்து வீட்டு மைமூன் ஓடி வந்து, வண்டி பிடித்து, அதே டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

வீங்கிய காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"கருவாட்டுல உப்பு இல்லையாம்மா?"

"அது நான் போட்டதில்லையே டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. கருவாட்டை அடியோடு நிறுத்தச் சொன்னார்; தினமும் நடக்கவும் சொன்னார்.

இப்போது நானும் மைமூனும் பச்சை மீன் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறோம். "லாத்தா, இன்னைக்கு வால் பக்கம் உங்களுக்கு" என்பாள், என்னை அக்கா முறை வைத்து. தெருவில் சும்மா நடக்கிற வழக்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. அதனால் பூட்டிக் கிடந்த அறைகளையெல்லாம் திறந்துவிட்டு, வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும் என்று என் கணவர் இவ்வளவு நீளமாகக் கட்டிய வீடு இது.