வெளியே தள்ளி நின்ற சக்கரம்

குமரேசன் வண்டியின் டயர் வெடித்ததற்குக் காரணம் நான். அவன் இல்லை. அவன் ஓட்டிய வேகமும் இல்லை. நான்!

எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிகிறது... இதைச் சொல்லவா இத்தனை வருடம்? நீங்கள் என்னை என்னவென்று நினைத்தாலும் சரி. முழுவதையும் சொல்லாமல் இன்றைக்கு நான் எழுந்திருக்கப் போவதில்லை.

பீளமேட்டில் எனக்கு ஒரு கடை. டயர் மாற்றுவது, வீல் அலைன்மென்ட் பார்ப்பது, அலாய் வீல் மாட்டித் தருவது என் தொழில். கல்லூரி மாணவர்களும் மில்காரர் வீட்டுப் பிள்ளைகளும் காரைத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டு திரியத் தொடங்கிய நேரம் அது. எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஆஃப்செட் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் மெஷின் என்றுதான் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். சக்கரத்துக்கும் ஆஃப்செட் உண்டு. அச்சில் பொருந்தும் இடம் சக்கரத்தின் நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும்; குறைந்தால் வெளியே வரும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்கே எனக்குத் தலைகால் புரியாத கர்வம்!

குமரேசன் என் பள்ளித் தோழன். சோமனூரில் சொந்தமாகத் தறி போட்டிருக்கிறான். அவனளவு நிதானமாக, அழகாகக் கார் ஓட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. அவனுடைய வெள்ளை மாருதியின் ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிக் கொடுத்தது நான்தான். அடுத்து சக்கரம். அவன் 165 அகல டயர் போதும் என்றான். சக்கரம் மட்கார்டுக்குள் அடங்கி நிற்க வேண்டும் என்றான்.

"அம்மால்லாம் ஏறற வண்டிடா. பார்த்துப் போடு."

பார்த்துத்தான் போட்டேன்... வண்டியை அல்ல, என் கடையின் பெயரை! ஆஃப்செட் குறைந்த ரிம்கள் நான்கு என்னிடம் இருந்தன. அதில் 185 டயரை ஏற்றி மாட்டினேன். சக்கரம் மட்கார்டின் ஓரத்துக்கே வந்து மிடுக்காக நின்றது. கடைக்கு வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "சூப்பரா இருக்குதுங்க, எங்க வண்டிக்கும் இதே மாதிரி போடோணுங்க" என்றார்கள். குமரேசனுக்கும் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போயிற்று. "நீ சொன்னாச் சரிடா" என்று விட்டுவிட்டான்.

இறக்கிய வண்டியில் புதுச் சக்கரம் மாட்டினால் ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டும். நானே ஊருக்கெல்லாம் சொல்கிற பாடம் இது. கடையாட்கள் இரண்டு பேரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று போய்வந்தேன். உரசியது! மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளை, அதன் வெளியோரத்தை, தொட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மடிப்பைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, சாவியை அவன் கையில் கொடுத்தேன். நாலு பேர் மெச்சிய சக்கரத்தை அந்த நாலு பேர் எதிரிலேயே கழற்ற எனக்கு மானக்கேடாக இருந்தது.

அத்தோடு நின்றிருந்தால் அறியாமல் செய்த பிழை என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இல்லை... கேளுங்கள்.

அவன் அக்காவை வெள்ளகோவிலில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியவன் அவன். எங்கள் பக்கத்தில் மாமன் கையை வீசிக்கொண்டு போக முடியுமா? அரிசி, தேங்காய், வெல்லம், பித்தளை அண்டா... கிளம்புகிற அன்று காலையில் கடைக்குப் போன் செய்தான்.

"ஏண்டா, அஞ்சு பேரு ஏறோணும். டிக்கி பூராச் சீரு. வண்டி தாங்குமா? இல்லீன்னா வாடகை வண்டி சொல்லிப்போடறேன்."

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மூன்று பேருக்கே உரசிய வண்டி என்பது எனக்குத் தெரியும்.

"நான் போட்ட வீலுடா. தாங்கும், போ."

சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

காங்கேயம் தாண்டியதும் பின் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் புரண்டது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவன் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

நொறுங்கிய வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தார்கள். டயரைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தோளைச் சுற்றி, கத்தியால் கீறியது போல் ஒரே வளையமாக அறுபட்டிருந்தது. அதை அன்றைக்கே துண்டுபோட்டுப் பழைய ரப்பர் எடுப்பவரிடம் தள்ளிவிட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரர் வராந்தா அதிரக் கத்திக்கொண்டிருந்தார். "ரேஸ் ஓட்டற மாதிரி ஓட்டிப் பெத்தவளக் கெடத்திப்போட்டான்!" கட்டிலில் கிடந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பையன் பொறுமையாத்தான் ஓட்டிட்டு வந்தான். ஆரும் நம்ப மாட்டீங்கறாங்க. நீ வண்டி தெரிஞ்சவன்... நீ சொல்லு கண்ணு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"வேகமாப் போனாத்தானுங்கம்மா டயரு இப்படி வெடிக்கும்."

அம்மா என் கையை விட்டுவிட்டார். குமரேசன் தலை குனிந்து நின்றான். ஐயோ, அவனே அதை நம்பிவிட்டான்!

அதன்பின் அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சோமனூரிலிருந்து எங்கே போனாலும் பஸ்தான். என் காரில் ஏறினாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அம்மாவைத் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தபடி, "எல்லாம் என்னாலதாண்டா" என்பான். "விடுடா" என்பேன் நான். எப்படித்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்ததோ... பெரிய மனதுக்காரன் போல அவனுக்கு ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன்! என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன தை மாதம் அம்மா போய்விட்டார். தன் மகன் நிதானமாகத்தான் ஓட்டினான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை சோமனூர் போனேன். தறி நின்றிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. ரிம், டயர், உரசல், போனில் சொன்னது, ரப்பர்காரர், ஆஸ்பத்திரி... ஒன்று விடாமல் நின்றபடியே சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவன் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவன் தலையில் ஏற்றக்கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன்.

அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "அம்மா உன்னயக் கேட்டப்பவே... உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

எனக்காகப் போட்டிருந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தான்.

"நாளைக்கு வெள்ளகோவில் போறேன்டா. உங்கக்கா ஊட்டுக்காரர்கிட்டயும் சொல்லிப்போடறேன்" என்றேன்.

"சரிங்க" என்றான். "போயிட்டு வாங்க."

எங்கள் ஊரில் 'ங்க' சேர்க்காமல் பேச்சு இல்லை. கண்டக்டருக்கு உண்டு, கடன் கேட்டு வருகிறவருக்கு உண்டு, தொட்டில் குழந்தைக்குக்கூட உண்டு. எங்கள் இருவருக்குள் மட்டும் அது ஒருநாளும் வந்ததில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்... செருப்பால் அடித்திருந்தாலும் நின்றிருப்பேன்!

சொன்னபடி வெள்ளகோவில் போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கத்தினார். அது ஒன்றும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

சோமனூரில் அன்று நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, குமரேசன் எனக்கு முன்னால் நடந்துபோய்க் கேட்டைத் திறந்தான். நான் வெளியேறும்வரை அதைப் பிடித்துக்கொண்டு, முதல்முறை வந்த விருந்தாளியை வழியனுப்புவது போல, மரியாதையாக நின்றான்.